வீட்டின் சிறந்த மூலை யாருக்கு?

சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். பழைய ஜப்பானிய வீடு ஒன்றின் வரவேற்பறை. சோபா இல்லை, நாற்காலி இல்லை. தரை முழுவதும் தத்தாமி எனப்படும் தடித்த கோரைப் பாய். ஒரு சுவரில் மட்டும் உள்வாங்கிய மாடம் ஒன்று. அதன் தளம் அறையின் தரையைவிடச் சற்றே உயரம். உள்ளே தொங்கும் ஒரு சுருள் ஓவியம், அதன் கீழே ஒரு பூச்சாடி. அவ்வளவுதான்! இந்த மாடத்தின் பெயர் தொக்கோனோமா.

பார்ப்பதற்கு இது வெறும் அலங்கார மூலை. ஆனால், அந்த வீட்டில் யார் பெரியவர், யார் சிறியவர் என்பதைப் பல நூற்றாண்டுகளாகச் சொல்லாமல் சொல்லி வந்ததும் இதே மூலைதான்.

பலகையில் தொடங்கிய கதை

தொக்கோனோமா உருவானது முரொமாச்சி காலத்தில், அதாவது 1336 முதல் 1573 வரையிலான காலக்கட்டத்தில். அப்போது சீனாவிலிருந்து ஓவியங்களும் பீங்கான் பொருள்களும் ஜப்பானுக்கு வந்துகொண்டிருந்தன. ஓவியத்தைச் சுவரில் தொங்கவிட்டு, அதன் கீழே தடித்த பலகை ஒன்றைப் பொருத்தி, தூபக்கால், மெழுகுவர்த்தித் தண்டு, பூச்சாடி ஆகிய மூன்றையும் அதில் வைத்தார்கள். ஓஷிஇத்தா எனப்பட்ட இந்தப் பலகையே மாடத்தின் முன்னோடி என்று கருதப்படுகிறது.

நாட்டை ஆண்ட இராணுவத் தலைவர்களான ஷோகன்களும் இக்கலையில் மூழ்கினர். ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்த நோவாமி, சோவாமி போன்ற கலை ஆலோசகர்கள், எந்தப் பொருளை எங்கே வைக்க வேண்டும் என்பதற்குத் தனிக் கையேடே தந்தார்கள். காட்சிக்கு வைப்பது என்பது அதிகாரத்தின் மொழியாகிவிட்டது.

கியோத்தோவில் தொக்குகாவா ஷோகன்கள் எழுப்பிய நிஜோ கோட்டையில் இதை இன்றும் காணலாம். ஷோகனின் இடம் உயர்ந்த தளத்தில், பெரிய மாடத்தின் முன்னால். பிரபுக்களின் இடம் ஒரு படி தாழ்ந்த தளத்தில். 1867-இல் கடைசி ஷோகன் யோஷிநோபு, ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பி ஒப்படைக்கும் முடிவை அறிவித்ததும் இதே அரண்மனையில்தான்.

ஒற்றைப் பூ

ஆனால், இதே மாடத்தை வேறு விதமாகப் பார்த்த ஒருவரும் இருந்தார். அவர்தான் தேநீர்க் கலையின் குரு சென் நோ ரிக்யூ. அவர் வடிவமைத்ததாகக் கருதப்படும் தாய்-ஆன் தேநீர் அறை இரண்டே பாய் அளவுதான். அதன் மாடத்திலும் மண் பூசிய சுவர்களே. ஆடம்பரம் துளியும் இல்லை.

ரிக்யூவைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. அவருடைய தோட்டத்துப் பூக்களின் அழகைக் கேள்விப்பட்டு அதிகாரம் மிக்க ஹிதெயோஷி காண வந்தாராம். தோட்டத்தில் ஒரு பூகூட இல்லை. எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. கோபத்துடன் தேநீர் அறைக்குள் நுழைந்தவர் கண்டது, மாடத்தில் ஒரே ஒரு பூ! அதே ஹிதெயோஷியின் ஆணைப்படி 1591-இல் ரிக்யூ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது என்பது வேதனையான வரலாறு.

சாமானியர் வீட்டில்

எடோ காலத்தில், அந்தஸ்துக்கு மீறி வீடு கட்டக்கூடாது என்று சாமானியர்களுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. 1868-இல் மெய்ஜி ஆட்சி தொடங்கிய பின், மாடம் சாதாரண வீடுகளுக்கும் பரவியது. கூடவே, பழைய மரியாதையும் வந்து சேர்ந்தது. முக்கிய விருந்தினர் மாடத்துக்கு மிக அருகில், அதற்கு முதுகு காட்டி அமர வேண்டும். வீட்டுக்காரர் தம் அலங்காரத்தைத் தாமே காட்டிப் பெருமையடிக்கக் கூடாது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம். மாடத்தினுள் கால் வைப்பது பெரும் தவறு.

நல்ல பண்புதான். ஆனால், எப்போதோ வரும் விருந்தினருக்கு வீட்டின் சிறந்த அறை. நாள் முழுவதும் உழைக்கும் பெண்ணுக்கோ வெயில் படாத வடக்குப் பக்கத்துச் சமையலறை! இது நியாயமா?

இந்தக் கேள்வியை எழுப்பியவர், ஜப்பானின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான ஹமாகுச்சி மிஹோ. போர் முடிந்தபோது ஜப்பானில் ஏறக்குறைய 42 லட்சம் வீடுகள் பற்றாக்குறை. எப்படிப்பட்ட வீடுகளைக் கட்டுவது என்று நாடே யோசித்த வேளையில், 1949-இல், ஜப்பானிய வீடுகளின் நிலப்பிரபுத்துவத் தன்மையைச் சாடி அவர் நூல் எழுதினார். அந்தஸ்தைக் காட்டும் இடங்களைவிட, குடும்பம் வாழும் இடங்களே முக்கியம் என்பது அவருடைய வாதம்.

1955-இல் அமைக்கப்பட்ட ஜப்பான் வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில், சமைக்கும் இடமும் சாப்பிடும் இடமும் ஒரே அறையாயின. அந்தச் சமையலறை வடிவமைப்பில் ஹமாகுச்சியும் பங்காற்றினார். இருட்டில் கிடந்த அடுப்படி, குடும்பம் கூடும் இடமாக மாறியது.

இன்று புதிய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தொக்கோனோமா இல்லை. சில பழைய வீடுகளில் அந்த இடத்தைத் தொலைக்காட்சிப் பெட்டி பிடித்துக்கொண்டது. ஆனாலும், பாரம்பரிய விடுதிகளிலும் தேநீர் அறைகளிலும் பருவத்துக்கு ஒரு சுருள், பருவத்துக்கு ஒரு பூ என்று மாடம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ரிக்யூவின் ஒற்றைப் பூவை இரசிப்போம். ஹமாகுச்சியின் கேள்வியையும் மறக்க வேண்டாம். வீட்டின் சிறந்த இடம் வந்து போகிறவர்களுக்கா, அங்கேயே வாழ்கிறவர்களுக்கா?