திகிற்படம்: தமிழில் ஒளியும் ஒலியும்

நேர்ந்துவிட்ட விபரீதத்தைக் காட்டி நடுங்கவைப்பதினும், நேரப்போகும் விபரீதத்தைக் கதாபாத்திரம் அறியுமுன்னே ரசிகனுக்கு உணர்த்தி, அதன் வரவைத் தாமதப்படுத்தி மனத்தைப் பிணிக்கும் படவகை திகிற்படம். முகத்தில் பாதியை இருளில் விட்டுவைப்பது காமிராவின் உபாயம்; ஆள் தென்படாமல் காலடியோசையை மட்டும் கேட்பிப்பது ஒலியின் உபாயம்.

தமிழில் இக்கலையின் சிறந்த ஆதி உதாரணம், ஏவி.எம். தயாரிப்பில் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த 'அந்த நாள்'. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய சமயத்தில் நடக்கும் அக்கதையில், சிவாஜி கணேசன் ஏற்ற வானொலிப் பொறியாளன் ராஜன் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். பிறகு அவனை அறிந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் சந்தேகத்தைச் சொல்லச் சொல்ல, எஸ். மாருதிராவின் காமிரா அந்த ஒரே மரணத்தை வெவ்வேறு நிழல்களினூடே மீண்டும் மீண்டும் அணுகுகிறது. கொன்றவர் யாரென்பதை இங்கே கூறாது விடுவதே அப்படத்துக்குச் செய்யும் மரியாதை. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப்படமும் அதுவே. எத்தகைய ஆபத்தும் ஒரு பாட்டு வந்ததும் சற்றே விலகிநிற்கும் என்று பழகிப்போன ரசிகனுக்கு, அந்தப் பாட்டு கடைசிவரை வராமற்போனதே பெருந்திகிலாயிற்று என்று துணிந்து கூறலாம்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்துக்குத் தந்தி வாத்தியங்களை மட்டுமே கொண்டு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த இசை, உலகெங்கும் திகிலின் பாஷையையே மாற்றிற்று. அப்படத்தின் சாயல் படிந்த 'மூடுபனி' (1980) பாலுமகேந்திரா தாமே ஒளிப்பதிவும் செய்து இயக்கியது. அதற்கு இசையமைத்த இளையராஜாவுக்கு அது 100ஆவது படம்.

1945இல் மத்திய பாலிடெக்னிக்கின் பகுதியாக ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கத் தொடங்கி, பின்னர் தனி நிறுவனமாகி, தரமணியில் இருந்தும் அடையாறு திரைப்படக் கல்லூரி என்றே வழங்கப்பட்ட பள்ளியின் பங்கு இவ்வரலாற்றில் பெரிது. அங்குப் பயின்றோர் திரண்டு, ஆபாவாணன் எழுதித் தயாரிக்க அரவிந்தராஜ் இயக்கிய 'ஊமை விழிகள்' (1986), 'காதலிக்க நேரமில்லை'யின் இளங்காதலன் ரவிச்சந்திரனைக் கொடியவனாக நிறுத்தி, பழகிய முகத்தையே பயங்கரமாக்கிற்று. அக்கல்லூரியில் பயின்ற பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்து இயக்கிய 'குருதிப்புனல்' (1995) டால்பி ஒலியமைப்பைக் கையாண்டு, ஓசையைத் திரையினின்றும் பெயர்த்து ரசிகனைச் சூழவைத்தது, அதிலும் பாட்டில்லை.