நட்டுவனாரின் தாளப் பாடம்

பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிராட்டம் பயின்ற பிள்ளைகளுக்குத் தாளம் முதலில் வாய்வழியாகவே வந்தது. ஆடல் ஆசிரியரான நட்டுவனார் தரையில் அமர்ந்து, தட்டுமனை என்னும் மரப்பலகையைத் தட்டுக்கழியால் தட்டியபடி ‘தையா தை’ என்று சொல்வார். பிள்ளை முழங்கால்களை மடக்கி அரைமண்டியில் நின்று, அதே சொல்லுக்குக் காலைத் தட்டும். தட்டடவு என்ற இந்த முதல் பாடம் மூன்று காலங்களில் நடக்கும். தாளத்தின் வேகம் மாறாது. ஓர் அட்சரத்துக்கு ஓர் அடி என்பது இரண்டாகும், பிறகு நான்காகும். எண்ணிக்கை உடம்பில் ஊறுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

தகிட (3), தகதிமி (4), தகதகிட (5), தகிடதகதிமி (7), தகதிமிதகதகிட (9) என ஐந்து ஜாதிகளும் சொல்லாகவே மனப்பாடமாகும். மிருதங்க மாணவரும் இப்படித்தான்: வாயால் சொல்லப் பழகிய கோர்வையே கையில் சுத்தமாக விழும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சை மராட்டிய அரசவையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர் ஆடல் பயிற்சியையும் கச்சேரி முறையையும் ஒழுங்குபடுத்தினர். அந்தக் கச்சேரி வரிசையில் முதல் உருப்படியான அலாரிப்பு முழுக்கச் சொற்கட்டால் ஆனது. தாளத்தில் பிள்ளையின் தேர்ச்சி அதிலேயே தெரிந்துவிடும்.

அந்த நால்வரின் வழிவந்த நட்டுவனார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி பயின்றார். 1936இல் அவர் தொடங்கிய கலாக்ஷேத்திராவில் குருகுலப் பாடம் கல்லூரி வகுப்பாக மாறியது. தட்டுக்கழியும் தட்டுமனையும் மட்டும் மாறவில்லை.