கடைசி இருபது நிமிஷம்

கால்பந்து உலகக் கோப்பை நடக்கிற மாசத்தில் மன்னார்குடி மேல ராஜவீதி டீக்கடைகளில் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: "1950லயே நாம ஆடியிருக்கணும் சார். வெறுங்கால்ல ஆடக்கூடாதுன்னு தடுத்துட்டான்." பி.டி. வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவன் என்பதால் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். யாரும் தடுக்கவில்லை. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் விலகியதால் ஆடாமலே இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவேயோடு ஒரே பிரிவு. செலவில் பெரும்பகுதியை ஏற்கிறோம் என்று பிரேசிலே சொன்னது. கப்பல் பயணம் நீளம், பயிற்சிக்கு நேரமில்லை என்று நம் சம்மேளனம்தான் வராமல் இருந்துவிட்டது. அன்றைக்கு ஒலிம்பிக்தான் பெரிசு.

வெறுங்கால் கதை 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிறந்தது. ஜூலை 31, இல்ஃபோர்டு மைதானம், எதிரே பிரான்ஸ். நம்மவர் பலர் காலில் பேண்டேஜ் துணி சுற்றி ஆடினார்கள். இதை எங்கள் ஊர்ப் பையன்களுக்கு விளக்கவே வேண்டாம். தை அறுவடை முடிந்த வயலில், குத்துகிற தாளை மண்வெட்டியால் செத்திவிட்டு, பந்து போட்டவர்கள் அவர்கள். காய்ந்த களிமண்ணில் வெறுங்கால் விரல் பந்தை அப்படிப் பிடிக்கும், எந்த பூட்ஸும் கிட்ட வராது. ஐப்பசி அடைமழையில் அதே மண்ணில் நிற்கவே முடியாது.

அன்று தோற்றது காலாலா? இரண்டு பெனால்டி கிடைத்து இரண்டும் வீண். 70-ஆவது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் கோல் போட்டு 1-1 ஆக்கினார். பெயரைக் கேட்டால் கும்பகோணத்துக்காரர் போலிருக்கும், ஆனால் பெங்களூர்ப் பக்கத்து ஆட்டக்காரர். சுதந்திர இந்தியாவின் முதல் கோல் அது. 89-ஆவது நிமிஷத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டது. 2-1.

அந்த 89-ஐத்தான் நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் நம் நாட்டு உள்ளூர் ஆட்டங்கள் 70 நிமிஷம்தான், பாதிக்கு 35. உடம்பு எழுபதுக்குப் பழகிவிட்டது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை போனோம். யுகோஸ்லாவியாவுக்கு எதிராக 52-ஆவது நிமிஷத்தில் நெவில் டிசூசா கோல் போட்டு முன்னிலை. அதன் பிறகு நாலு வாங்கினோம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மறுபடி பிரான்ஸ்: பி.கே. பானர்ஜி 71-இல் போட்டார், 82-இல் அவர்கள் சமன் செய்துவிட்டார்கள். தமிழ்நாட்டு சைமன் சுந்தரராஜ் இருந்த அணி அது.

1952 ஹெல்சிங்கி மட்டும் என் கணக்கில் அடங்காது. அங்கே உண்மையிலேயே குளிரும் வெறுங்காலும் சேர்ந்து கொன்றன. யுகோஸ்லாவியா 10, இந்தியா 1. அந்த ஒன்றைப் போட்டவர் அகமது கான். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. இதே 10-1ஐ முப்பது வருஷம் கழித்து ஸ்பெயின் உலகக் கோப்பையில் ஹங்கேரியிடம் வாங்கியது எல் சால்வடோர், மத்திய அமெரிக்காவின் குட்டி நாடு. உள்நாட்டுப் போர் நடுவே, காசில்லாமல் 22 பேருக்குப் பதில் 20 பேரைத்தான் அழைத்துப் போனார்கள். 5-0 இருக்கும்போது ராமிரெஸ் சபாட்டா ஒரு கோல் போட்டுவிட்டு, கோப்பையே ஜெயித்த மாதிரி குதித்து ஓடினார். உலகக் கோப்பையில் அந்த நாட்டின் ஒரே கோல் இன்றுவரை அதுதான். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்.

ஜகார்த்தா, 1962 செப்டம்பர் 4: ஆசியப் போட்டி இறுதி ஆட்டம், தென்கொரியா. பயிற்சியாளர் ரஹீம், ஃப்ளூவிலிருந்த பீட்டர் தங்கராஜை கோலியாக இறக்கினார். தலையில் தையலோடு ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்குத் தள்ளினார். முதல் 20 நிமிஷத்திலேயே 2-0. 85-இல் கொரியா ஒன்று போட்டது. மீதியைத் தாங்கினார்கள். தங்கம். அடுத்த ஜூனில் ரஹீம் புற்றுநோயில் போய்விட்டார், அப்படி ஒரு நாள் திரும்ப வரவில்லை.

இப்போது பூட்ஸும் உண்டு, 90 நிமிஷமும் உண்டு, ஆனாலும் பாருங்கள். 2019 ஜனவரி, ஷார்ஜா: டிரா செய்தால் ஆசியக் கோப்பையில் அடுத்த சுற்று. பஹ்ரைனுக்கு 91-இல் பெனால்டி கொடுத்தோம். அதே வருஷம் குவாஹாத்தியில் ஓமனிடம் 1-0 முன்னிலை, 82-இலும் 90-இலும் வாங்கித் தோல்வி. 2024 மார்ச்சில் அதே ஊரில் ஆப்கானிஸ்தானிடம் 70-இலும் 88-இலும் வாங்கினோம்.

எங்கள் பக்கத்துப் பொங்கல் டோர்னமென்ட்டில் அணிக்கு ஏழு பேர், பாதிக்குப் பத்து நிமிஷம். இறுதி ஆட்டத்தையாவது முழுசாக ஆடவிடுங்களேன் என்று கமிட்டியிடம் கேட்டுப் பார்த்தேன். "இருட்டிடும் சார், எம்.எல்.ஏ. பரிசு கொடுத்துட்டுக் கிளம்பணும்" என்றார்கள்.