வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

பொந்தியான் – பெக்கான் நானாஸ், பெனுட், ஆயர் பாலோய் வட்டாரத் தோட்டங்களிலும் பொந்தியான் பட்டணத்திலும் வேலை தேடும் இளையோர் இப்போது நிறுவனத்தின் வாசலுக்கு நேரில் போவது குறைவு. தஞ்சோங் பின் மின் நிலையக் குத்தகை வேலையோ, தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகக் கிடங்கோ, இரண்டாவது பாலம் தாண்டித் துவாஸ் தொழிற்சாலையோ, முதல் தகவல் பெரும்பாலும் புலனத்தில்தான் வருகிறது. ஐசியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் பிடித்து அனுப்பும்படியும் வங்கிக் கணக்கு எண்ணைத் தரும்படியும் அந்தத் தகவலிலேயே கேட்டு விடுகிறார்கள். நம் பிள்ளைகளும் அனுப்பி விடுகிறார்கள். எல்லாக் காரியத்துக்கும் கிராணியிடம் ஐசியைக் கொடுத்துப் பழகிய பெற்றோருக்கு இது வித்தியாசமாகப் படுவதில்லை. கிராணியை எல்லாருக்கும் தெரியும். புலனத்தில் பேசுகிறவர் யாரென்று யாருக்குத் தெரியும்?

ஐசி எண் வெறும் எண் அல்ல. 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். ஜொகூரில் பிறந்தவர்களில் பலருக்கு அது 01. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். அட்டையின் படத்தையும் சேர்த்து அனுப்பினால் முழுப் பெயர், வீட்டு முகவரி, முகம் எல்லாம் ஒரே தாளில் போய்ச் சேர்கின்றன. இதை வைத்துக்கொண்டு ஒருவர் பெயரில் கைத்தொலைபேசி எண் பதியவும் கடனுக்கு விண்ணப்பிக்கவும் மோசடிக்காரர்கள் முயல்வார்கள். ஓலை வந்த பிறகுதான் உரியவருக்கே விஷயம் தெரியவரும்.

பெயர் பெற்ற நிறுவனத்தில் கொடுத்தால் பயமில்லை என்று நினைப்பதற்கும் இல்லை. 2017 அக்டோபரில் லோயாட்.நெட் இணையத்தளம் ஒரு பெரிய தரவுக் கசிவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதில் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரம் இருந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். அந்தக் குவியலிலேயே ஜாப்ஸ்ட்ரீட் வேலை தேடும் தளத்தின் பதிவுகளும் இருந்தன. ஏறக்குறைய 40 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள், அவற்றோடு பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தொலைபேசி எண், அடையாள எண், திருமண நிலை. அவை 2012-ஆம் ஆண்டு வரை பதிந்தவர்களின் விவரங்கள். அதாவது, வேலை கிடைத்து, ஒருவேளை அந்த வேலையை விட்டும் விலகி, ஐந்து ஆண்டு கழித்து அவர்களின் தகவல் கடைத்தெருவுக்கு வந்தது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

அப்படியானால் எப்போது எதைக் கொடுப்பது? விண்ணப்பக் கட்டத்தில் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், வசிக்கும் ஊர், படிப்பு, அனுபவம் இவை போதும். "பொந்தியான், ஜொகூர்" என்று எழுதினால் ஊர் தெரிந்துவிடும்; வீட்டு எண்ணும் ஜாலான் பெயரும் அந்த நேரத்தில் யாருக்கும் தேவையில்லை. நேர்முகத் தேர்வில் ஐசியைக் காட்டலாம். முதலாளி பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அசலை வைத்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் இல்லை. வேலை உறுதியாகி நியமனக் கடிதம் கையில் வந்த பிறகு இபிஎஃப், சொக்சோ, வருமான வரி ஆகியவற்றில் பதிய ஐசி எண் கட்டாயம் வேண்டும், அப்போது மறுக்க முடியாது. நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, "உந்துக் பெர்மொஹோனான் கெர்ஜா சஹாஜா" என்று எழுதி, நிறுவனத்தின் பெயரையும் தேதியையும் சேர்ப்பது நல்லது. கோடு எழுத்துகளின் மேல் ஓட வேண்டும். ஓரத்தில் போட்ட கோட்டை வெட்டி எறிவது எளிது.

வங்கி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சம்பளம் போட வங்கியின் பெயரும் கணக்கு எண்ணும் போதும். ஏடிஎம் அட்டை, பின் எண், டிஏசி, இணைய வங்கிக் கடவுச்சொல் இவற்றைக் கேட்கும் முதலாளி முதலாளியே அல்ல. "கம்பெனி பெயரில் புதுக் கணக்குத் திறந்து அட்டையை எங்களிடம் கொடு, மாதம் சில நூறு வெள்ளி தருகிறோம்" என்பது வேலையும் அல்ல. அந்தக் கணக்கில் வந்து போவது யாரோ ஒரு முதியவர் இழந்த சேமிப்பாக இருக்கலாம். மலாயில் இதை 'அக்காவுன் கெல்டாய்' என்பார்கள். வங்கிக் கணக்கைப் பிறர் கையில் கொடுப்பதையும் பிறர் கணக்கை வைத்திருப்பதையும் தனிக் குற்றமாக்கி 2024-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான். மோசடிக் கும்பலின் தலைவன் வேறெங்கோ இருப்பான்.

கடப்பிதழும் அப்படியே. வெளிநாட்டில் நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற மலேசியர்கள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடி மையங்களில் அடைபட்டது 2022-இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அங்கே சேர்ந்ததும் முதலில் பறிபோனது கடப்பிதழ். மலேசியாவில் 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ் சட்டப்படி, உரிய அனுமதியின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம். ஏஜண்டு மூலம் போகிறவர்கள், தொழிலாளர் இலாகாவின் உரிமம் அவருக்கு உண்டா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுப் பார்க்க வேண்டும். 1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஆள் சேர்க்க முடியாது.

இனி, சிக்கலான பகுதி. உடல்நலம், மனநலம், சமய நம்பிக்கை, அரசியல் கருத்து, குற்றப் பதிவு இவற்றை 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 'நுட்பமான தரவு' என்று தனியாகப் பிரிக்கிறது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கைரேகை, முக அடையாளம் போன்ற உயிரியல் தரவுகளும் சேர்ந்துகொண்டன. இவற்றைப் பெற வெளிப்படையான சம்மதம் தேவை. வேலை தொடர்பான சட்டக் கடமைக்காகக் கேட்பதற்கு விலக்கு உண்டு. விண்ணப்பப் பாரங்களில் வழக்கமாகக் காணும் 'பங்சா' என்ற கட்டம் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. நம் நாட்டில் அதிகம் கேட்கப்படும் கேள்விக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இல்லாதது வியப்புத்தான்.

கேள்விக்கு உண்மையைச் சொன்னதால் வேலையை இழந்தவரின் வழக்கு ஒன்று உண்டு. நூர்ஃபடில்லா அகமது சைக்கின் என்பவருக்கு 2009 ஜனவரியில் சிலாங்கூரில் தற்காலிக ஆசிரியர் நியமனம் கிடைத்தது. கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று கல்வி இலாகாவில் கேட்டார்கள். ஆம் என்றார், நியமனம் திரும்பப் பெறப்பட்டது. 2011 ஜூலையில் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சலேஹா யூசோப், இது கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவுக்கு முரணான பாகுபாடு என்று தீர்ப்பளித்தார். ஆனால் அந்தத் தீர்ப்பு அரசாங்க வேலைக்குத்தான் கைகொடுக்கும். தனியார் முதலாளிக்கு எதிராக அரசியலமைப்பு உரிமையைக் கோர முடியாது என்று பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2005-இலேயே கூறிவிட்டது. தொழிற்சாலைப் பாரத்தில் கர்ப்பம், பழைய நோய் பற்றிய கேள்விகளைப் பார்க்கும் பெண்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேலைக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன தொடர்பு என்று பணிவாகக் கேட்கலாம். பதிலைக் காலியாகவும் விடலாம். பொய் எழுதுவது மட்டும் ஆபத்து. பிறகு வேலையைவிட்டு நிறுத்த அதுவே காரணமாகிவிடும்.

சிங்கப்பூருக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு நிலைமை சற்று மேல். அங்கே 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோராதபோதும் ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தும் தேவை இல்லாதபோதும் நிறுவனங்கள் அடையாள எண்ணையோ அட்டையின் நகலையோ பெறக் கூடாது. வேலை அனுமதி எண்ணுக்கும் கடப்பிதழ் எண்ணுக்கும் இதே விதிதான்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கோ, தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கோ அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும். ஐசி படம் மட்டும் போயிருந்தால் போலீஸ் புகார் செய்து அதன் நகலைப் பத்திரப்படுத்தலாம். பிறகு ஒருநாள் கடன் ஓலை வந்தால் அந்தப் புகார்தான் சாட்சி. கேட்டவரின் தொலைபேசி எண்ணையும் கணக்கு எண்ணையும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் சோதிக்க முடியும். உண்மையான நிறுவனமாக இருந்து வேலை கிடைக்கவில்லை என்றால், தன் தகவலை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுத்துமூலம் சொல்ல விண்ணப்பதாரருக்குச் சட்டம் உரிமை தருகிறது. தேவை முடிந்த தரவை நிறுவனம் அழித்தாக வேண்டும். இணங்காத நிறுவனத்தின் மீது தனிநபர் தரவு பாதுகாப்பு ஆணையரிடம் புகார் செய்யலாம். சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் முன்பு 3 லட்சம் வெள்ளியாக இருந்த அதிகபட்ச அபராதம் இப்போது 10 லட்சம் வெள்ளி. மத்திய, மாநில அரசாங்கங்களை மட்டும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.