லயன் எயர் 602 விமான அனர்த்தம்

லயன் எயர் 602, யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானைக்குப் புறப்பட்டு, 1998 செப்டம்பர் 29 அன்று இலங்கையின் வடமேற்குக் கடலில் வீழ்ந்த பயணிகள் விமானம். அதிலிருந்த 48 பயணிகளும் 7 பணியாளரும் உயிரிழந்தனர். பயணிகளில் பெரும்பாலோர் தமிழ்ப் பொதுமக்கள். ஏவுகணைத் தாக்குதலே காரணம் என்று தொடக்கத்திலேயே கருதப்பட்டபோதிலும், விமானத்தின் சிதைவுகள் 2012 இல்தான் இரணைதீவை அண்டிய கடலடியில் கண்டெடுக்கப்பட்டன.

பின்னணி

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டது. எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்கு நடந்தது. 1990 இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை நின்றது. ஏ-9 வீதியும் மூடப்பட்டது. 1995 டிசம்பரில் யாழ்ப்பாண நகர் இராணுவத்தின் வசமானது. அதன்பின் குடாநாட்டையும் தீவகத்தையும் தென்னிலங்கையோடு இணைத்தவை திருகோணமலைக்குச் செல்லும் கப்பலும் பலாலி விமான சேவையும் மட்டுமே. நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ கொழும்பு செல்பவர் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்து, பயண அனுமதி பெற்று, பொதிகளைப் படையினரின் சோதனைக்குக் கொடுத்த பின்னரே பலாலி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் நுழைய முடிந்தது.

வான்வழியும் ஆபத்து நிறைந்ததாகவே இருந்தது. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய அடுத்தடுத்த நாள்களில் விமானப்படையின் இரு அவ்ரோ விமானங்கள் பலாலிக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு, 90 பேருக்கு மேல் உயிரிழந்தனர். தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகள் விடுதலைப் புலிகளிடம் இருப்பது அப்போதே வெளிப்பட்டது. தனியார் விமானங்களில் படையினரை ஏற்றக்கூடாது என்று புலிகள் எச்சரித்திருந்ததாக 602 வீழ்ந்த நாள்களில் செய்திகள் வந்தன.

விமானமும் அதன் கடைசிப் பயணமும்

வீழ்ந்தது சோவியத் தயாரிப்பான அன்டனோவ் 24 ஆர்வி வகை. லயன் எயர் நிறுவனம் அதைப் பெலாருஸ் நாட்டின் கோமெலாவியா நிறுவனத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தது. இரண்டு சுழல்விசிறி இயந்திரங்களும் உடலுக்கு மேலாகப் பொருத்திய இறக்கையில் தொங்கும் இந்த வகை, குறுகிய ஓடுபாதைகளுக்கென்று வடிவமைக்கப்பட்டது.

விமானம் பிற்பகல் 1.40 மணியளவில் பலாலியிலிருந்து கிளம்பியது. பத்து நிமிடமளவில், பயணிகள் அறையில் காற்றழுத்தம் குறைவதாக விமானி அறிவித்தார். அதன்பின் தொடர்பு அறுந்தது. ராடார் திரையிலிருந்தும் விமானம் மறைந்தது.

அந்த வேளையில் பெருநிலப்பரப்பில் கடும் போர் நடந்துகொண்டிருந்தது. புலிகள் செப்டம்பர் 27 இல் தொடங்கிய ஓயாத அலைகள் 2 நடவடிக்கையில் கிளிநொச்சி இராணுவத்தின் கையைவிட்டுப் போனது. இரணைதீவுக்கு எதிரே உள்ள பூநகரிக் கரையும் அப்போது புலிகளின் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. கடலடியில் முறையான தேடல் நடத்த இயலாமற் போனதற்கு இதுவே முதற் காரணம்.

காரணம் பற்றிய கருத்துகள்

விமானியின் கடைசி அறிவிப்பை இரு விதமாக விளங்கிக்கொள்ளலாம். முதலாவது, இயந்திரக் கோளாறு. கதவின் காப்பு கசிந்தாலோ, உடற்தகட்டில் வெடிப்பு ஏற்பட்டாலோ, அழுத்தக் கருவி பழுதானாலோ அறையின் அழுத்தம் இறங்கும். ஆனால் அழுத்தக் குறைவு மட்டும் ஒரு விமானத்தை உடனே வீழ்த்திவிடாது. மேலெழுந்து பத்து நிமிடமே ஆன விமானத்தைத் தாழ்வான உயரத்துக்கு இறக்கிப் பலாலிக்கே திருப்பலாம். அறிவிப்பை அடுத்து எல்லாத் தொடர்பும் அற்றுப்போனதை இந்தக் கருத்து தனித்து நின்று விளக்கவில்லை.

இரண்டாவது, ஏவுகணை. தோளில் வைத்து ஏவும் ஏவுகணை இயந்திரத்தின் வெப்பத்தை நாடிச் செல்வது. அதன் வெடிமருந்து ஒன்றிரண்டு கிலோகிராமுக்கு மேற்படாது. ஆகவே தாக்கப்பட்ட விமானம் அந்த நொடியே சிதற வேண்டியதில்லை. இறக்கையடியில் வெடித்த துண்டுகள் உடற்தகட்டைத் துளைத்தால், விமானி முதலில் காண்பது அழுத்தக் குறைவாகவே இருக்கக்கூடும். இத்தகைய ஏவுகணைகள் எட்டும் உயரம், வகையைப் பொறுத்து, ஏறக்குறைய 2,300 முதல் 3,500 மீற்றர் வரை. இரணைதீவு பலாலியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 55 கிலோமீற்றர். பத்து நிமிடப் பறப்புக்கு இத்தூரம் பொருந்துகிறது. மேலேறிக்கொண்டிருக்கும் விமானம் அவ்விடத்தில் ஏவுகணைக்கு எட்டும் உயரத்தில் இருந்திருக்க இடமுண்டு. புலிகள் பொறுப்பேற்கவில்லை, எனினும் அரசும் பின்னைய விசாரணைகளும் இந்தக் காரணத்தையே ஏற்றன.

சிதைவுகள்

நெடுந்தீவுக்குத் தென்கிழக்கே கிடக்கும் இரணைதீவைச் சூழ்ந்த பாக்கு விரிகுடா ஆழம் குறைந்தது. போர் 2009 மே மாதத்தில் முடிந்த பின்னரே அங்கு தேடுவதற்கு வழி பிறந்தது. விசாரணையில் கைதான முன்னாள் புலி உறுப்பினர் ஒருவரின் வாக்குமூலத்தை அடுத்து, 2012 ஒக்டோபரில் கடற்படைச் சுழியோடிகள் சிதைவுகளை வெளிக்கொணர்ந்தனர். மனித எச்சங்களும் உடைகளும் மீட்கப்பட்டன. உப்புநீரில் 14 ஆண்டுகள் கிடந்த அந்த உடைகள் பின்னர் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அடையாளம் காண உறவினர்கள் அழைக்கப்பட்டனர். அதுவரை பல குடும்பங்களுக்குத் தம்மவர் இறந்தார் என்பதற்குக் கையில் எந்தச் சான்றும் இருக்கவில்லை.

விளைவுகள்

அனர்த்தத்தை அடுத்துப் பலாலிக்கான தனியார் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. கப்பலுக்காகக் காத்திருப்போர் வரிசை நீண்டது. பறந்துகொண்டிருக்கும் குடிசார் விமானத்தின்மீது நாடுகள் ஆயுதம் பிரயோகிக்கலாகாது என வற்புறுத்தும் சிக்காகோ உடன்படிக்கையின் 3 பிஸ் உறுப்புரை, இந்த விமானம் வீழ்ந்து இரண்டே நாள்களில், 1998 ஒக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது அரசுகளைக் கட்டுப்படுத்துவது. ஆயுத இயக்கங்களை நேரடியாகக் கட்டுப்படுத்துவதன்று.

போர்நிறுத்தத்தின்பின் 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனியார் விமானங்களும் பலாலிக்குத் திரும்பின. 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறந்து வைக்கப்பட்டது.