ராமாயணத்துக்கு முன்னாடி ஒரு ராமானந்த் சாகர்

ராமானந்த் சாகர்னு சொன்னா நம்மில் பலருக்கு ஞாயித்துக்கிழமை காலை ஒன்பதரை மணிதான் ஞாபகம் வரும். ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாத வீடுகள்லகூட தூர்தர்ஷன் முன்னாடி உக்கார்ந்து பார்த்த காலம் அது. ரெண்டு அம்பு ஆகாசத்துல மெதுவா நகர்ந்து வந்து முட்டிக்கும். நாமளும் வாயைப் பிளந்து பார்ப்போம் :) ஆனா அதை ஆரம்பிக்கும்போது அந்த மனுஷனுக்கு வயசு 69. அதுக்கு முன்னாடியே ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து முடிச்சிருந்தார். அதுல ஒரு துண்டு நம்ம சென்னையிலயும் இருக்கு.

பிறந்தது 1917-ல், லாகூர் பக்கத்துல. இயற்பெயர் சந்திரமௌலி சோப்ரா. பியூன் வேலை, லாரி கிளீனர், சோப்பு விற்பனைன்னு கிடைச்ச வேலையெல்லாம் செஞ்சு படிச்சவர். படிச்சது என்ன தெரியுமா? சமஸ்கிருதமும் பாரசீகமும். நடுவுல காசநோய் வந்தது. அந்த நாட்களையும் டைரியா எழுதி பத்திரிகைக்கு அனுப்பினார். 1947 பிரிவினையில் எல்லாத்தையும் இழந்து அகதியா பம்பாய் வந்தார். பார்த்த கொடுமைகளை வெச்சு 1948-ல் உருதுவில் ஒரு நாவல் எழுதினார். பேரு 'அவுர் இன்சான் மர் கயா'. அதாவது, 'மனிதன் செத்துப்போனான்'. இந்தத் தலைப்பைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

ராஜ்கபூரின் 'பர்சாத்' (1949) கதை இவரோடது. அது பெரிய ஹிட். அந்தத் தெம்புல சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சார். ஆரம்பப் படங்கள் கையைச் சுட்டன. அப்புறம்தான் ஜெமினி வாசன் வர்றார். வாசனின் 'பைகாம்' (1959) படத்துக்கு வசனம் எழுதி ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார். அதேதாங்க, தமிழ்ல சிவாஜி நடிச்சு 'இரும்புத்திரை'யா வந்த கதை. ஜெமினிக்காகவே 'கூங்கட்', 'ஜிந்தகி' ரெண்டையும் இயக்கினார். 'ஜிந்தகி' இங்கே 'வாழ்க்கைப் படகு' ஆச்சு. பிரம்மாண்டமா எடுக்கணும், அதே சமயம் கடைசி பெஞ்சு ஆளுக்கும் புரியணும்ங்கிற வாசன் பாணியை இவர் பக்கத்துல இருந்து பார்த்திருக்கார். அது பிற்பாடு நல்லாவே கைகொடுத்ததுன்னு தோணுது.

அப்புறம் 'ஆர்ஸூ', 'ஆங்கேன்'னு சொந்தத் தயாரிப்பில் வரிசையா வெற்றி. 'ஆங்கேன்' (1968) சிறந்த இயக்குநர் விருதையும் வாங்கிக் கொடுத்துச்சு. எண்பதுகள்ல மார்க்கெட் இறங்க, டிவி பக்கம் திரும்பினார். சினிமாக்காரங்க டிவியை ஏளனமா பார்த்த நேரம் அது. கிரீடமும் ஒட்டு மீசையும் வெச்ச கதைக்குப் பணம் போட ஆள் கிடைக்கலைன்னு அவர் மகன் பிரேம் சாகர் எழுதியிருக்கார். மனுஷன் என்ன செஞ்சார்? 1985-ல் 'விக்ரம் அவுர் வேதாள்' எடுத்து வெள்ளோட்டம் விட்டார். அதுல விக்ரமாதித்தனா வந்த அருண் கோவில்தான் பிறகு ராமர்.

1987 ஜனவரி 25-ல் ராமாயணம் ஆரம்பிச்சது. 52 வாரம்னு திட்டம், 78 வாரம் ஓடிச்சு. டைட்டில்ல வால்மீகி, துளசிதாசரோட நம்ம கம்பர் பேரும் வரும். 1988 ஜூலையில் பட்டாபிஷேகத்தோட முடிச்சார். ஆனா முடிக்க விடலை. வால்மீகியைத் தங்கள் முன்னோரா கும்பிடுற துப்புரவுத் தொழிலாளிகள் வட இந்திய நகரங்கள்ல வேலைநிறுத்தம் செஞ்சாங்க. வால்மீகி ஆசிரமத்துல சீதை இருக்கும் பகுதி வேணும்னாங்க. சாகர் 'லவ குசா'வும் எடுத்தார். ஒரு தயாரிப்பாளரோட கிளைமாக்ஸை குப்பை அள்ளுறவங்க மாத்தினது வேற எங்கேயாவது நடந்திருக்கா?

கதை அவர் கையை விட்டுப் போனது அங்கேதான் ஆரம்பம். 1988 அலகாபாத் இடைத்தேர்தல்ல ராமர் காங்கிரஸுக்கு ஓட்டு கேட்டார், கட்சி தோத்துது. 1991-ல் சீதையா நடிச்ச தீபிகாவும் ராவணனா நடிச்ச அரவிந்த் திரிவேதியும் பா.ஜ.க. எம்.பி. ஆனாங்க. 2024-ல் அதே ராமர் மீரட்ல பா.ஜ.க. எம்.பி. ஆனார். நடுவுல 1992 டிசம்பர் 6.

அதுக்கெல்லாம் ஒரு டிவி தொடர்தான் காரணம்னு சொன்னா அது அபத்தம். பூட்டு திறந்தது 1986-லயே. ஆனா சம்பந்தமே இல்லைன்னும் என்னால சொல்ல முடியலை. ஊருக்கு ஊர் வேற வேறயா இருந்த ராமர், நாடு முழுக்க ஒரே முகத்தோட வந்தது அந்த ஞாயித்துக்கிழமைகள்லதான்.

2005 டிசம்பர் 12-ல் சாகர் காலமானார். 2020 ஊரடங்குல மறுஒளிபரப்பு செஞ்சப்ப, ஏப்ரல் 16 ஒருநாள் மட்டும் 7.7 கோடி பேர் பார்த்ததா தூர்தர்ஷன் சொல்லிச்சு. எனக்கென்னவோ அந்த நம்பரைவிட, 1948-ல் எழுதின நாவல்தான் மனசுல நிக்குது. மதத்தின் பேரால வீட்டை இழந்து ஓடிவந்து 'மனிதன் செத்துப்போனான்'னு எழுதினவர், 1992 டிசம்பர்ல டிவியைப் பார்த்துட்டு என்ன நினைச்சிருப்பார்?