கை தந்த மூச்சு

செயற்கைச் சுவாசக் கருவி எப்படி இயங்குகிறது என்று கேட்டால், நேயர்களே, பெரியகல்லாற்றில் சிறுவயதில் நான் பார்த்து நின்ற கொல்லன் துருத்தியைத்தான் சொல்வேன். 1928 இல் பொஸ்டனில் பிலிப் ட்ரிங்கர் அமைத்த 'இரும்பு நுரையீரல்' அப்படியன்று. தலை வெளியே நிற்க உடலைப் பெட்டிக்குள் அடைத்து, பெட்டியின் காற்றை இழுத்து நெஞ்சை விரியச் செய்தது அது.

1952 இல் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியது. பிளெக்டாம் வைத்தியசாலையில் இருந்ததோ ஒரேயொரு பெட்டியும் ஆறு நெஞ்சுக்கவசக் கருவிகளும். அவற்றை நம்பிய முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, றப்பர்ப் பையை அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார். துருத்திதான்! ஆனால் ஓயாமல் அமுக்குவது யார்? ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக அமுக்கினார்கள். பெரும்பாலோர் பிழைத்தனர். சுவீடனின் எங்ஸ்ட்ரோம் இயந்திரம் அந்தக் கைகளின் வேலையைப் பின்னர் ஏற்றது. ஒரு கையால் அமுக்கியபடியே பிள்ளைகளுக்குக் கதை வாசித்த மாணவர்களும் இருந்தார்கள். அதை மட்டும் எந்த இயந்திரமும் ஏற்கவில்லை.